சிவப்பு பெயிண்ட் அடித்த ஆறு ஆடுகள்

அன்று அங்கே இருந்தவர்கள்: கால்நடை டாக்டரம்மா, ரத்தம் பிடிக்கிற டியூபில் நம்பர் எழுதுற டெக்னீசியன், ஜீப் டிரைவர், ஆடு பிடிக்க நான், ஆட்டுக்காரம்மா செல்வி. ஆடு ஆறு. இடம் கீரமங்கலம் பக்கம் ஒரு ஊர்.

கொரோனா மாதிரி மனுசருக்கு வர்ற மூச்சுநோய் வைரஸ்களுக்கு வீட்டு விலங்குகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கிற சர்வே அது. நான் எட்டாவதோடு நின்றவன், தினக்கூலி. ஆட்டைக் கால் இடுக்கில் நிறுத்தித் தாடையைத் தூக்கிப் பிடிப்பேன். டாக்டரம்மா கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பார்.

ஒரே ஆட்டுக்கு இரண்டு தடவை எடுத்துவிடுவோமோ என்று எனக்கு எப்பவும் பயம். "முடிஞ்ச ஆட்டுக்குக் கழுத்துல கயிறு கட்டுங்க, போதும்" என்றார் டாக்டரம்மா. கட்டினேன். ஒரு ஆடு பக்கத்து ஆட்டின் கயிற்றைக் கடித்துத் தின்றுவிட்டது. பதறிப்போய், டாக்டரம்மா அடுத்த வீட்டுக்குப் போன பிறகு, ஜீப்பில் கிடந்த சிவப்பு பெயிண்டை எடுத்து ஒவ்வொன்றின் முதுகிலும் பட்டையாக இழுத்துவிட்டேன்.

"அண்ணே, இது போயிருமா?" என்று கேட்டார் செல்வி.

"ரெண்டு மழையில போயிரும்மா" என்றேன்.

டப்பாவை நான் பார்க்கவே இல்லை. அது ஆயில் பெயிண்ட், மழையில் போகாது.

மூன்றாம் நாள் செல்வி இரண்டு கிடாயைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் பீஸ் கட்டக் கடைசி நாள். டெஸ்ட் எடுத்த சேதி அவருக்கு முன்னாலேயே சந்தைக்குப் போயிருந்தது.

"ஏத்தா, கொரோனா ஆட்டுக்கு மாஸ்க் போடாமயா ஓட்டியாந்தே?" என்று முதுகிலிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்து ஒரு வியாபாரி கேட்க, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அங்கிருந்தே எனக்குப் போன் பண்ணினார்.

"அண்ணே, ஆட்டுக்குச் சீக்கு இல்லன்னு டாக்டரம்மாவ ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

டாக்டரம்மா எனக்குப் பத்தடி தூரத்தில்தான் நின்றார். பெயிண்ட் விசயம் தெரிந்தால் வேலை போயிருமோ என்று நான் சொல்லவில்லை. ஒன்பதாயிரம் போகிற கிடாய் ஆறாயிரத்துக்குப் போனது. இரண்டுக்கும் சேர்த்து ஆறாயிரம் நட்டம். பீஸுக்குப் பணம் பத்தவில்லை, சீட்டும் போச்சு.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. ஆறு ஆட்டிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை, வைரஸ் பட்ட அடையாளமே இல்லை. அப்புறம்தான் பெயிண்ட் அடித்ததையும் சந்தையில் நடந்ததையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"இருந்திருந்தாலும் அது நோய் இல்லைங்க, எப்பவோ பட்டுப் போயிருக்குன்னுதான் அர்த்தம். அன்னைக்கே சொல்லியிருந்தா நானே சந்தைக்கு வந்திருப்பேனே."

என் வேலை போகவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, ரத்தம் எடுத்த ஆட்டைத் தனியாக அடைத்து வையுங்கள், அடையாளம் வேண்டாம். தப்பு நடந்தால் அந்த நிமிசமே சொல்லுங்கள். எழுதிவிட்டேன், எழுதி என்ன? அந்தப் பிள்ளை இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறது. நட்டத்தை என் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறேன். செல்வி வாங்கிக்கொள்கிறார், பேசுவதில்லை. இதுவரை கொடுத்தது இரண்டாயிரத்து ஐந்நூறு. பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.