ஒன்பதால் வகுத்தால் மீதி எட்டு

எனக்குப் பேசிவந்த கலியாணத்தைக் குழப்பினது சீதனமும் இல்லை, சாதகமும் இல்லை. என்ர அடையாள அட்டை இலக்கம். வெள்ளவத்தையில ரியூஷன் வகுப்பில கணிதம் படிப்பிக்கிற எனக்கு இப்பிடியொரு முடிவு வந்ததை நினைச்சால் இப்பவும் வயிறு எரியுது.

மாப்பிள்ளை எஞ்சினியர். வீடு கொட்டாஞ்சேனையில, தகப்பனுக்குப் புறக்கோட்டையில இரும்புச் சாமான் கடை. தகப்பனுக்கு எண்சோதிடப் பைத்தியம். வாகன இலக்கம், போன் இலக்கம், கரண்ட் பில் இலக்கம், எதைக் கண்டாலும் கூட்டிப் பார்ப்பார். எட்டு வந்தால் சனியாம், கிட்டவும் எடுக்கமாட்டார். பொம்பிளை பார்க்க வந்த அண்டே என்ர பழைய அட்டையை வாங்கிக் கூட்டினவர். ஏழு வந்தது. மனுசன் சந்தோசத்தில இன்னொரு வடையும் எடுத்தார்.

கலியாணப் பதிவுக்கு நாள் குறிச்ச பிறகு, அட்டை உரிஞ்சுபோய்க் கிடக்குது, புதுசு எடும் எண்டு சொன்னது மாப்பிள்ளைதான். எடுத்தன். ஒன்பது இலக்கத்தில இருந்த எண் பன்னிரண்டு இலக்கமாகி வந்தது. பதிவுக்காரருக்குக் குடுக்கிற போட்டோக்கொப்பி தகப்பன்ர கையில அகப்பட, அவர் அதையும் கூட்டினார். எட்டு. கலியாணம் வேண்டாம் எண்டு அடுத்த நாள் போன் வந்தது.

அண்டு பின்னேரம் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, தண்டவாளத்துக்கு அங்கால கடற்கரைக் கல்லில இருத்தி விளங்கப்படுத்தினன். எவ்வளவு பெரிய எண்ணாய் இருந்தாலும், இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒண்டாக்கினால் எட்டு வருகுதெண்டால், அந்த எண்ணை ஒன்பதால வகுக்க மீதி எட்டு. அவ்வளவுதான், அதில சனியும் இல்லை, சனியனும் இல்லை. புது அட்டையில பிறந்த வருசத்துக்கு முன்னால பத்தொன்பதைப் போட்டு, நடுவில ஒரு பூச்சியத்தைச் செருகுறாங்கள். ஒண்டும் ஒன்பதும் பத்து, அதால மீதி ஒண்டு கூடும், என்ர ஏழு எட்டாகும். போன நூற்றாண்டில பிறந்த எல்லாருக்கும் இதே கூத்துத்தான். உங்கட அட்டையையும் பாருங்கோ எண்டன். அவரிட்டயும் புது அட்டைதான், எடுத்துக் கூட்டினார். பழையதில தகப்பன் கூட்டின ஐந்து இதில ஆறாகியிருந்தது. ஆறு நல்ல எண்ணாம், சிரிச்சார். விசயம் முடிஞ்சுதெண்டு நானும் சிரிச்சன், விசரி.

அவர் அட்டையைப் பேர்ஸுக்குள்ள வைச்சார்.

"நீர் சொல்லுறது முழுக்கச் சரி. ஆனா அப்பாட்ட நான் எப்பிடிச் சொல்லுறது?"

உங்களுக்கு நான் சொன்ன மாதிரியே சொல்லுங்கோ எண்டன். அப்பாவுக்குப் பிரஷர், கடையும் அவற்ற பேரிலதான் எண்டு இழுத்தார். பிறகு எழும்பி, காலி வீதி பஸ் ஹோல்ற் வரைக்கும் என்னோட நடந்து வந்தார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

தகப்பனில எனக்கிருந்த கோவம் எப்பவோ ஆறியிட்டுது. அந்த மனுசனுக்கு மீதி எண்டால் என்னெண்டே தெரியாது. மகனுக்குத் தெரியும். நான் சொல்லி முடிக்க முந்தியே அவருக்கு விளங்கியிட்டுது, முகத்தில கண்டனான். விளங்காமல் போயிருந்தால் மன்னிச்சிருப்பன்.