அத்தை மாற்றிக்கொண்ட உப்பு

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் எங்கள் தோட்டம் இருந்தது. ரப்பர் மரங்கள் போய் இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டதும் அங்கேதான், வயிறு நிறையச் சாப்பிட்டதும் அங்கேதான். அந்தச் சாப்பாட்டில் பாதி என் அத்தை போட்டது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பிள்ளை இல்லை, மாமாவும் இறந்துவிட்டார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டை ஒட்டியது அவள் வீடு. நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. மாலையானால் அந்தச் சுவருக்கு மேலாக ஒரு கிண்ணம் வரும். நெத்திலிச் சம்பாலோ கருவாட்டுக் குழம்போ இருக்கும். எங்களிடமிருந்தும் ஒன்று போகும். லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு வருஷம் ஈப்போவிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் மேசை போட்டு, பெரியவர்களின் கையில் பட்டை சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார்கள். உப்பை மாற்றினால் ரத்த அழுத்தம் இறங்குமா, மாரடைப்பு வராமல் தடுக்கலாமா என்று ஆராய்ச்சியாம். ஒரு வீட்டுக்குப் பச்சை நூல் கட்டிய உப்புப் பொட்டலம், அடுத்த வீட்டுக்குச் சிவப்பு நூல். ஒன்று சாதாரண உப்பு, மற்றது புது உப்பு. எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். ஆராய்ச்சி முடியும்வரை வீட்டுக்கு வீடு குழம்பு கொடுக்கவும் கூடாது.

சொல்லாவிட்டால் என்ன, நாக்கு இருக்கிறதே. அன்று மாலையே லயம் முழுக்க உப்பை நக்கிப் பார்த்தது.

"பச்ச நூலு கசக்குதுலா. அப்ப அதான் மருந்து" என்று எதிர் வீட்டு அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

அத்தைக்குப் பச்சை நூல். எங்களுக்குச் சிவப்பு.

தங்கை பிறந்ததிலிருந்தே என் அம்மாவுக்குப் பிரஷர். ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது மயங்கி விழுந்து, ஆட்கள் தூக்கிவந்ததும் உண்டு. அம்மா வேலை முடிந்து வீடு திரும்பும்வரை அப்பா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பார்.

அன்று விளக்கு வைத்ததும் அத்தை தன் பொட்டலத்தோடு வந்தாள்.

"ஏ புள்ள, இத நீ வச்சுக்க. ஒன் உப்ப எனக்குக் குடு."

"டாக்டரு ஏசுவாருலா அண்ணி. ஒங்களுக்கும் பாத்தாங்களே, என்னா சொன்னாங்க?"

"எனக்கென்னா, எரும மாரி இருக்கேன். இந்தக் கசப்பப் போட்டு என் கருவாட்ட நாசம் பண்ணச் சொல்றியா?"

அப்பா சிரித்தார். "அக்காவுக்கு உசுர விட நாக்குதான் பெருசு."

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுச் சோறு வாயில் வைக்க முடியாமல் போனது. சுவருக்கு மேலாகக் கிண்ணம் வருவதும் நின்றது. கருவாடு வறுக்கும் வாசம் மட்டும் வந்தது. தட்டோடு போய் நின்றேன்.

"போடா, ஒங்க வீட்டுல தின்னு" என்றாள் அத்தை. "ஒன் கையில குடுத்தா அது ஒங்கம்மா வாயிக்குத்தான் போவும்."

ருசியான உப்பையும் வாங்கிக்கொண்டு கதவையும் சாத்துகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போது நான் குடியிருக்கும் ஈப்போ புந்தோங்கில் எத்தனையோ கடைகளில் கருவாடு வாங்கிப் பார்த்துவிட்டேன். வறுத்தால் அந்த வாசம் வருவதில்லை.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு காலை அத்தை பெரட்டுக்கு வரவில்லை. அப்பா கதவைத் தள்ளித் திறந்தார். அடுப்பருகே வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தாள். தோட்டத்து லாரி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர்கள் கடைசித் தடவையாக வந்தார்கள். அம்மாவுக்குப் பார்த்த டாக்டரம்மா, நன்றாக இறங்கியிருக்கிறது என்று சிரித்தார். பிறகு, "பக்கத்து வீட்டு அம்மா வரலியா?" என்று கேட்டார். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "இந்த லயத்திலேயே அவங்களுக்குத்தான் ரொம்பக் கூட இருந்திச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கச் சொன்னேனே. வீட்டுல சொல்லலியா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உப்பை மாற்றிக்கொண்டதை இருவருமே வாய் திறந்து சொல்லவில்லை. எங்களைப் போல எத்தனை வீட்டில் மாற்றிக்கொண்டார்களோ, அந்த ஆராய்ச்சி என்னவாயிற்றோ தெரியாது. கசந்த உப்புதான் நல்ல உப்பா என்பதும் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறாள்.

அன்று மாலை அம்மா குழம்பில் எந்த உப்பையும் போடவில்லை. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"உப்பே இல்லம்மா" என்றேன்.

அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.