வணக்கம் சொன்னேன், பிளாக் செய்தார்கள்

குரூப் அட்மின் வேலையும் வாட்ச்மேன் வேலையும் ஒன்றுதான். என்ன, வாட்ச்மேனுக்கு வருகிறவன் முகமாவது தெரியும். அபார்ட்மெண்ட் குரூப்பிலோ கூடப் படித்தவர்கள் குரூப்பிலோ அட்மினாக மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் யாராவது இருந்தால் இப்படி வந்து உட்காருங்கள், நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும். எங்களுடையது புனேயைச் சுற்றி, கம்ப்யூட்டர் அளவுப்படி இரும்பைக் கடைகிற சி.என்.சி. மெஷின் ஓட்டுகிற தமிழ் ஆட்களுக்கான குரூப். சந்தேகம் கேட்பதற்கு என்று ஆரம்பித்தது, சந்தேகப்படுவதற்கு என்று ஆகிவிட்டது.

நான் கோயமுத்தூர்க்காரன். சாகணில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ். வீடு கோந்த்வாவில், மனைவிக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூட வேலை. அதனால் தினமும் கம்பெனி பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போகிறது, அந்த ஜன்னல் சீட்டுதான் என் அட்மின் ஆபீஸ். கூட இன்னொரு அட்மின் உண்டு. பால்ராஜ் அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், ரஞ்சன்காவில் டூல் ரூம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சந்தேகத்தில் இன்னும் பல வருஷம் சீனியர்.

மூக்குப் பரீட்சை

குரூப்புக்குள் கம்பெனி ஹெச்.ஆர். ஆட்கள் புகுந்து யார் என்ன புலம்புகிறார்கள் என்று பார்க்கிறார்கள் என ஒரு வதந்தி. யாரும் நிரூபித்ததில்லை, யாரும் நம்பாமலும் இல்லை. அதனால் அண்ணாச்சி வாசலில் ஒரு கேள்வி வைத்தார்: வெள்ளிக்கிழமை காலையில் கூலண்ட் டேங்கைத் திறந்தால் என்ன வாசம்? எங்கள் பக்கம் பல கம்பெனிகளுக்கு வார லீவு வியாழக்கிழமை. மெஷினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலண்ட், ஒரு நாள் பூராவும் ஓடாமல் கிடந்தால் அழுகின முட்டை மாதிரி நாறும். மெஷின் பக்கத்தில் நின்றவனுக்கு மட்டும்தான் அது தெரியும் என்பது கணக்கு.

பதினைந்து வருஷம் மெஷின் ஓட்டின ஓசூர்க்காரர் ஒருவர் 'தெரியாது' என்று பதில் போட்டார். அண்ணாச்சி அவரை இரண்டு தடவை வெளியே தள்ளினார். மூன்றாம் தடவை அந்த மனுஷன் என் தனிப்பெட்டிக்கே வந்துவிட்டார். "கொரோனாவுக்கு அப்புறம் எனக்கு மூக்கு வேலை செய்யலைங்க. நீங்க மெஷின் ஆளுங்களைச் சேக்கறீங்களா, மோப்ப நாய் சேக்கறீங்களா?"

செம்பருத்திப் படம்

அன்றைக்கே அந்தக் கேள்வியை எடுத்துவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை சங்கரேஸ்வரி என்று ஒரு பெண் சேர்ந்தாள். அருப்புக்கோட்டை. நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமோ முடித்து, ரஞ்சன்காவில் ஒரு கம்பெனிக்கு டிரெய்னியாக வந்தவள். வரும் புதன்கிழமை மெஷினை அளவுக்கு அமைத்துக் காட்டுகிற செட்டிங் டெஸ்ட், பாஸானால் ஆப்பரேட்டர், இல்லாவிட்டால் திரும்ப அதே மில் என்று அவளே எழுதியிருந்தாள். கேள்வி ஒரே வரி. வெளி விட்டம் அளவைவிட புள்ளி இரண்டு பெரிதாக வருகிறது, மெஷினில் போடுகிற திருத்தத்தில் கூட்டணுமா, கழிக்கணுமா?

கேட்க அல்பமாக இருக்கும். ஆனால் மாற்றிப் போட்டால் பீஸ் குப்பைக்குப் போகும், புள்ளி இடம் மாறினால் டூல் போய் மோதி மெஷினே உட்கார்ந்துவிடும். எங்கள் சீனியர்கள் என்ன செய்தார்கள் என்றால், சிரித்தார்கள். சிரிக்கிற பொம்மை பதினொன்று. 'ஒண்ணாங்கிளாஸ் கூட்டல் கழித்தலா?' என்று ஒருத்தன். 'ஹெச்.ஆர். வாடை அடிக்குது' என்று இன்னொருத்தன். நான் சீட்டில் உட்கார்ந்து போனைத் திறப்பதற்குள் அவள் கேள்வியை அழித்துவிட்டு குரூப்பை விட்டே போய்விட்டாள். நோட்டிபிகேஷனில்தான் முழுசும் படித்தேன். அண்ணாச்சிக்கு போன் போட்டேன். அவர் அசரவில்லை. "நீரு புரொஃபைல் படத்தைப் பாத்தீரா வே? செம்பருத்திப் பூ. ஆப்பரேட்டர்னா சாமி படம் வச்சிருப்பான், இல்லன்னா பைக்கு வச்சிருப்பான்."

அன்புடன் வரவேற்கிறோம்

புதுசாக வருகிறவர்கள் ஓடாமல் இருக்க ஏதாவது செய்தாக வேண்டும் என்று சனிக்கிழமை பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வரவேற்பு எழுதினேன். கூப்பின கை இரண்டு, ரோஜாப்பூ மூன்று. 'உங்களை அன்புடன் வரவேற்கிறோம். எதையும் தயங்காமல் கேளுங்கள். நாங்கள் உங்கள் குடும்பம்.' எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்துப் பூரித்துப் போனேன். அன்று சேர்ந்த ஆறு பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன்.

நாலு பேர் என்னை பிளாக் செய்தார்கள். ஒருத்தர் படித்துவிட்டு குரூப்பையே விட்டுப் போனார். சாகணில் என் பக்கத்துக் கம்பெனியிலேயே வேலை செய்கிற ஒருத்தர் மட்டும் மரியாதையாகப் பதில் போட்டார். "பாலிசியா, சீட்டா, புரோட்டீன் பவுடரா சார்? எதுவா இருந்தாலும் வேண்டாம்."

சகோதரன்

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். சங்கரேஸ்வரிக்கும் அதையே அனுப்பினேன். 'கழிக்கணும்மா' என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் அவள் காரியம் முடிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை, ரோஜாப்பூ அனுப்புகிற புத்திதான் இருந்தது.

'நீங்க யாரு, ஏன் எனக்கு மெசேஜ் பண்றீங்க?' என்று கேட்டாள். பயந்துவிட்டாளே என்று நான் இன்னும் இரண்டு கரண்டி சர்க்கரையைக் கொட்டினேன். 'பயப்படாதேம்மா, என்னை உன் சகோதரனாக நினைத்துக்கொள்' என்று எழுதினேன். அதன் பிறகு என்ன அனுப்பினாலும் போகவில்லை. பிளாக் செய்வதற்கு முன்னால் அவள் எழுதின கடைசி வரியை இன்னும் வைத்திருக்கிறேன். "சகோதரன்னு சொல்லிட்டு வர்றவங்களத்தான் சார் எங்க ஹாஸ்டல்ல முதல்ல பிளாக் பண்ணச் சொல்லியிருக்காங்க."

தோளில் கை

எனக்கு அவமானமாக இருந்தது. தப்பு என் பேரில் இல்லை, சீனியர்கள் பேரில் என்று முடிவு கட்டி, திங்கட்கிழமை ஒரு சட்டம் போட்டேன். புதியவர் யார் கேட்டாலும் நக்கல் கூடாது, தன்மையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். மீதிப்பேர் பதில் போட ஆரம்பித்த விதத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது. 'நல்ல கேள்வி தம்பி', 'அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள்' என்றெல்லாம் எழுதினார்கள்.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். ஷாப் ஃப்ளோரில் யாரும் சும்மா இனிக்கப் பேச மாட்டார்கள். சூபர்வைசர் தோளில் கை போட்டால் இந்த வியாழக்கிழமை லீவு போச்சு என்று அர்த்தம். டீ வாங்கிக் கொடுத்தால் இரண்டு வியாழக்கிழமை போச்சு. எங்கள் குரூப்பில் மெஷின் காட்டுகிற அலாரம் பற்றிக் கேட்ட ஒரு புதுப்பையனுக்கு மூன்று சீனியர்கள் தேன் ஒழுகப் பதில் சொன்னதும் அவன் நடுங்கிப்போய் எழுதினான். "ஏன் எல்லாரும் இவ்ளோ நல்லாப் பேசறீங்க, என் மெஷின் மொத்தமா போயிடுச்சா?"

பைக்கோடு ஒருத்தன்

செவ்வாய்க்கிழமை காலையில் சங்கர் என்று ஒருவன் சேர்ந்தான். படத்தில் கறுப்புப் பைக். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே கேள்வி. வெளி விட்டம் புள்ளி இரண்டு பெரிதாக வருகிறது, கூட்டணுமா, கழிக்கணுமா? நாளைக்கு செட்டிங் டெஸ்ட்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே புள்ளி இரண்டு, அதே புதன்கிழமை. அவள்தானா? இல்லை, நான் மறுபடி வழிகிறேனா என்று பார்க்க அண்ணாச்சி ஏதாவது நாடகம் போடுகிறாரா? அவரும் அதைச் செய்யக்கூடிய ஆள்தான். மெதுவாக போன் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவர் குரலில் கள்ளம் இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "நம்ம பய வே இவன். பைக்கைப் பாத்தாலே தெரியுதுல்லா, அசல் ஆப்பரேட்டர்."

சாகண் வரை திட்டு

பஸ் நாசிக் பாட்டா சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. அப்படியானால் இது சங்கரேஸ்வரியேதான். ஒரு அன்பான வார்த்தை எழுதினாலும் அவள் இந்தத் தடவையும் ஓடிவிடுவாள், அப்புறம் மில்தான். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் யாராவது என்னிடம் அன்பாகப் பேசியிருக்கிறாரா என்று யோசித்தேன். ஒருத்தரும் ஞாபகம் வரவில்லை. சரி, நமக்குத் தெரிந்த வழியிலேயே போவோம் என்று குரூப்பிலேயே ஆரம்பித்தேன். 'ஏப்பா சங்கரு, பெருசா வந்தா கழிக்கோணும். இதையெல்லாம் டெஸ்ட்டுக்கு முந்தின நாள்தான் கேப்பியா? முழுசையும் ஒரேயடியா கழிச்சுத் தொலைக்காதே. பாதி கழி, ஒரு பீஸ் ஓட்டு, அள, அப்புறம் மீதி. புள்ளி எங்க இருக்குதுன்னு ரெண்டு தடவை பாரு, கண்ணு எதுக்கு இருக்குது?'

போகவில்லை. 'உள் துளை சின்னதா வந்தா?' என்று அடுத்த கேள்வி வந்தது. 'அப்பக் கூட்டோணும். சூடா இருக்கறப்ப அளந்தீன்னா தெரியும் சேதி, ஆற விட்டு அள.' போசரி பாலம் ஏறி இறங்குவதற்குள் நாலு கேள்வி, நாலுக்கும் திட்டு. சாகணில் இறங்கும்போது தனிப்பெட்டியில் ஒரு செய்தி இருந்தது. பிளாக்கை எடுத்துவிட்டு வந்த செம்பருத்தியிடமிருந்து. "வேற நம்பர்ல வந்த சங்கர் நான்தாண்ணே. இப்பத்தான் உங்க மேல நம்பிக்கை வந்துச்சு. ஏமாத்த வர்றவன் இப்படி உரிமையாத் திட்ட மாட்டான்."

முதல் நாள் தப்பு

புதன்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. என் வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சை மாதிரி போனைப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. புள்ளியை மாற்றிப் போட்டுவிட்டாளோ என்று பயந்தேன். வெள்ளிக்கிழமை காலையில் குரூப்பில் செம்பருத்தி முளைத்தது. அண்ணாச்சி விட்டாரா? 'யாரும்மா நீ? வெள்ளிக்கிழமை கூலண்ட் என்ன வாசம்?' என்று உடனே மறித்தார். 'அழுகின முட்டைண்ணே. இப்பத்தான் டேங்கைத் திறந்துட்டு வர்றேன். ஆப்பரேட்டரா எடுத்துக்கிட்டாங்க. செவ்வாய்க்கிழமை வந்த சங்கரும் நான்தான், பைக் எங்க சூபர்வைசரோடது' என்று எழுதினாள். நான் பஸ்ஸில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்ததாக ஒன்று எழுதினாள். 'புதுசா வர்றவங்களுக்கு இந்த ரோஜாப்பூ எல்லாம் வேண்டாம்ணே, பார்த்தா பயமா இருக்கு. நீங்க எல்லாரும் மெஷின்ல முதல்ல பண்ணுன தப்பு என்னன்னு ஆளுக்கு ஒரு வரி எழுதி வாசல்ல வைங்க. அதைப் படிச்சா நாங்களா கேட்போம்.' சிரிக்கிற பொம்மை போட்ட பதினொரு பேரில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. எழுதின தப்பை யாராவது படம் பிடித்து ஹெச்.ஆருக்கு அனுப்பிவிட்டால் என்று எனக்கே பயம். பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்த பிறகு ஒரே ஒருத்தர் எழுதினார், அண்ணாச்சி. "நானும் கழிக்கதுக்குப் பதிலா கூட்டிட்டேன் தாயி, ஒரு தடவை இல்ல, நாலு தடவை, அன்னைக்கு இதைக் கேக்க எனக்கு ஒரு ஆளு இல்ல."

இப்போது எங்கள் வாசலில் ரோஜாப்பூ இல்லை, அண்ணாச்சி தொடங்கி முப்பத்தேழு பேரின் முதல் தப்புகள்தான் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் எவனாவது உள்ளே வந்ததும் வராததுமாகக் கையைக் கூப்பி வணக்கம் போட்டால், இவன் என்ன விற்க வந்திருக்கிறான் என்றுதான் இன்றைக்கும் முதலில் பார்க்கிறேன்.