மழையைத் தேடிப் போன படம்

என் மகள் சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாலு வருஷமாக ஒரே படத்துக்கு மலையும் குகையும் வானமும் வரைந்துகொண்டிருந்தாள். படத்தில் நடமாடுகிற ஆட்கள் அவள் பொறுப்பில்லை. ஆட்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ அது அவள் பொறுப்பு. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. டிப்ளமா முடித்த கையோடு நான் வேலை பார்க்கிற நிலக்கரி மைன்ஸில் அப்ரண்டிஸ் சேர்ந்து, பெர்மனெண்ட்டுக்குக் காத்திருக்க வேண்டிய பெண், பாறைக்கு நிழல் போடப் போய்விட்டாளே என்று அந்த நாளில் குவார்ட்டர்ஸே கேட்கும்படி கத்தியிருக்கிறேன். பிறகு கத்தி அலுத்துவிட்டது.

படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்பு போன் செய்தாள். வழக்கமாக அவள் அம்மாவிடம்தான் பேசுவாள், அன்றைக்கு என்னைக் கேட்டாள். ரெண்டாம் பாகம் எடுக்கப் போகிறார்களாம். அதிலும் மலை வரையக் கூப்பிடுகிறார்கள், கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம் நகர முடியாது. இன்னொரு சின்ன இடத்திலும் கூப்பிடுகிறார்கள். நாலைந்து பேர்தான், ஆனால் கதை பேசும்போது இவளையும் உட்கார வைத்துக்கொள்வார்களாம். படம் வெளியாகி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆபீஸில் யாரைக் கேட்டாலும் படம் பிரமாதம் என்கிறார்கள், எதை நம்புவது என்று தெரியவில்லை என்றாள். “நீங்க பாத்துட்டு சொல்லுங்கப்பா. நீங்க சும்மா சொல்ல மாட்டீங்க.”

எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் எனக்குத் திங்கட்கிழமை வார லீவு. நானும் மனைவியும், எனக்கு அடுத்த ஷிப்டில் மெஷின் ஏறுகிற பக்கத்து ஊர் வடக்குத்துக்காரனும் அவன் வீட்டாரும் மேட்னிக்குப் போனோம். அவனும் லீவு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். மகள் வேலை செய்த படம் என்று என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அரைவாசி காலியாக இருந்த தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் எங்களைக் கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்தவர்களாகப் பார்த்தார்.

படம் பார்க்க நன்றாக இருந்தது. கண்ணை எடுக்க முடியவில்லை. ஒரு ராஜ்ஜியத்தில் மழை காணாமல் போய்விடுகிறது. ஒரு சின்னப் பெண் அதைத் தேடி மலைக்கு அடியில் இறங்குகிறாள். கூடவே பேசுகிற பறவை ஒன்று. இதுவரைக்கும் சரி. அரை மணி கழித்து எங்கிருந்தோ ஒரு கிரீடம் வந்தது. அதற்கு இரண்டு கூட்டம் அடித்துக்கொண்டது. அடித்துக்கொண்டவர்கள் யார் என்று தெரிவதற்குள் ஒரு பாட்டு. இடைவேளையில் வடக்குத்துக்காரன் என் பக்கம் குனிந்தான். “மழைய தேடிகினு தானங்க போனாங்க? இப்ப கிரீடத்துக்கு அடிச்சிகினு இருக்காங்க. மழை என்னாச்சு?” மழையைப் பற்றி அவனுக்கு இருந்த கவலை படம் எடுத்தவர்களுக்கு இல்லை. கடைசியில் செத்த பறவை உயிரோடு எழுந்தது, வில்லன் ஒரே பாட்டில் திருந்தினான், அவன் திருந்திய சந்தோஷத்தில் மழை பெய்தது. வடக்குத்துக்காரன் அதற்குள் தூங்கிவிட்டிருந்தான்.

ஆனால் அந்தப் பெண் மலைக்கு அடியில் இறங்குகிற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேலே செம்மண், அதற்குக் கீழே மணற்கல், பிறகு சாம்பல் நிறத்தில் களிமண், அதற்கும் அடியில் கரி. இருபத்தாறு வருஷமாக நான் வெட்டிக்கொண்டிருக்கிற அதே வரிசை. கரியைக் கன்னங்கரேலென்று அடித்து வைக்காமல் பழுப்பு கலந்து போட்டிருந்தாள். நம்ம ஊர்க் கரி அப்படித்தான், நனைந்தால்தான் கருப்பாகத் தெரியும். மணலும் களிமண்ணும் சேருகிற கோட்டில் ஈரம் கசிந்திருந்தது. அந்த இடத்தில்தான் கசியும். எங்கேயாவது தப்பு இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அத்தோடு அதை மனதிலிருந்து இறக்கிவிட்டேன்.

ஏன் இறக்கினேன் என்றால், எங்கள் வேலைப் பழக்கம் அப்படி. நான் பக்கெட் வீல் மெஷின் ஆபரேட்டர். பெரிய சக்கரத்தில் வரிசையாக வாளி கட்டி மண்ணை வெட்டுகிற இயந்திரம் அது. ஷிப்ட் முடிந்ததும் அப்படியே இறங்கிப் போய்விட முடியாது. அடுத்த ஆள் மேலே ஏறி வர வேண்டும், அவனிடம் மெஷினை வாயால் ஒப்படைக்க வேண்டும். எந்த வாளியில் பல் தேய்ந்திருக்கிறது, எந்த பேரிங் சூடாகிறது, பெல்ட் எந்தப் பக்கம் இழுக்கிறது, இவ்வளவுதான் பேச்சு. நன்றாக ஓடுவதைப் பற்றி யாரும் மூச்சு விட மாட்டோம். சொல்லாமல் விட்டதெல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ‘வேற ஒண்ணுமில்ல’ என்று முடித்தால் வந்தவன் நிம்மதியாக சீட்டில் உட்காருவான். அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் எங்களிடம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து, சாப்பிட்டு, மகளுக்குப் போன் போட்டேன். பஸ்ஸில் வரும்போதே மனதில் வரிசை போட்டு வைத்திருந்தேன். மழை எதற்குக் காணாமல் போனது என்று யாரும் சொல்லவில்லை. கிரீடம் தேவையில்லாதது. பறவை செத்தது பொய்யென்றால் அதற்கு எதற்கு அவ்வளவு அழுகை. வில்லனுக்குக் கோபம் ஏன் வந்தது என்றும் தெரியவில்லை, ஏன் போனது என்றும் தெரியவில்லை. இந்தக் கதைக்கு ரெண்டாம் பாகம் எடுத்தால் இதே கோளாறு அங்கேயும் வரும், அதனால் கையெழுத்துப் போடாதே, அந்தச் சின்ன இடத்துக்குப் போ. ஒன்று விடாமல் சொன்னேன். முடித்த பிறகு அவள் கேட்டாள்.

“வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையாப்பா?”

“வேற ஒண்ணுமில்லம்மா” என்றேன்.

சரிப்பா என்று வைத்துவிட்டாள். நல்லபடியாக ஒப்படைத்துவிட்ட திருப்தியில் நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

என் மனைவி கையில் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மகள் வரைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னீங்களா என்று கேட்டாள். அதில் குறை ஒன்றுமில்லையே, என்ன சொல்வது என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் இருபத்தாறு வருஷக் குடித்தனம் மொத்தமும் இருந்தது. நாலு வருஷம் கண்ணு கெட வரைந்தவளிடம் யாரோ எழுதின கதையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியிருக்கீங்க என்றாள். இப்பவே திரும்பக் கூப்பிடுங்க என்றாள்.

நான் கூப்பிடவில்லை. என் பெண்ணுக்குத் தெரியாதா என்று ஒரு பிடிவாதம். சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டே மெஷின் கதை பேசுகிற வீட்டில் வளர்ந்தவள், நான் எதைச் சொல்வேன் எதை விடுவேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைத்தேன். புதன் போனது, வியாழன் போனது. மெஷின் மேல் உட்கார்ந்து எதிரே மண்ணை வெட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த ஈரக் கோட்டைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறுத்தியது. வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, கை கால் கூடக் கழுவாமல் போன் போட்டேன்.

இந்தத் தடவை வரிசையெல்லாம் போட்டுக்கொள்ளவில்லை. செம்மண்ணிலிருந்து ஆரம்பித்தேன். மணற்கல்லின் மஞ்சளைச் சொன்னேன், கரியில் அவள் கலந்த பழுப்பைச் சொன்னேன், நீர் கசிகிற கோட்டைச் சொன்னேன். மைன்ஸில் வேலை பார்க்கிறவர்களிலேயே பாதிப் பேருக்கு அது கண்ணில் படாது என்றேன். தப்பு தேடினேன், கிடைக்கவில்லை, அதனால்தான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை என்றேன். பெருமையா இருந்துச்சும்மா என்று சொல்லியே விட்டேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் அதற்கு முன் சொன்னதில்லை.

இன்றைக்குக் காலையில்தான் ரெண்டாம் பாகத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் அன்றைக்குப் பேசினதைக் கேட்டு, அப்பாவுக்கு இந்த வேலையே இன்னும் பிடிக்கவில்லை, அதனால்தான் படத்தில் எல்லாமே குறையாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன் என்றாள். அப்புறம் மெதுவாக, “இத முதல்ல சொல்லியிருந்தீங்கன்னா, மத்ததையும் நம்பியிருப்பேன்பா” என்றாள்.