முதல் வாளி

இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டும் தொழிலில் பாதி நேரம், தண்ணீர் ஏன் உடனே சுடவில்லை என்று விளக்குவதிலேயே போய்விடும். குழாயைத் திறந்துவிட்டுத் துண்டோடு நடுங்கி நிற்கும் மகாஜனங்களே, உங்கள் பாடு எனக்குத் தெரியும்.

முந்தினவனுக்குப் பச்சைத்தண்ணி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சாரல் சமயம். ஹீட்டர் கெட்டுப்போச்சு என்று ஆறாம் நம்பர் அறைக்காரர் ஒரே சண்டை. ஹீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. பைப்பில் கிடக்கிற தண்ணீர் முதலில் வெளியேற வேண்டாமா? திறந்ததுமே சுடச்சுட வந்தால், சற்று முன்னால் யாரோ அதே லைனில் திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சொன்னதும் மனுஷன் அடங்கிவிட்டார்.

"அப்ப பக்கத்து ரூம்காரன் குளிச்ச பொறவு நான் குளிச்சிக்கிடுதேன்."

ஏட்டையாவின் புகார்

தென்காசியில் ஓர் ஏட்டையா, ரிட்டயர் ஆனவர். மனைவியின் பதினாறாம் நாள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய மறுநாளே போன் செய்தார். ஏழு வருஷமாகத் திறந்ததும் சூடாக வந்த தண்ணீர் இப்போது வரமாட்டேன் என்கிறதாம்.

போய்ப் பார்த்தால், கேஸ் ஹீட்டர் வீட்டின் பின்சுவரில், குளியலறை முன்பக்கம். உடனே வந்திருக்க வழியே இல்லை. துருவித் துருவிக் கேட்டேன். காலையில் அந்தம்மா கூப்பிட்ட பிறகுதான் இவர் குளிக்கப் போவாராம். ஓரத்தில் ஒரு வாளி பச்சைத்தண்ணீர் தட்டு போட்டு மூடியிருக்குமாம். செடிக்கு என்று நினைத்திருக்கிறார். அந்தம்மா முதல் வாளியைப் பிடித்து வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம், சொல்லித் தொலைத்தேன். அடுத்த வாரம் ஹீட்டரைக் குளியலறைச் சுவருக்கு வெளியே மாற்றித் தருவதாகவும் சொன்னேன். அவர் அந்தக் காலி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நாளாவது சொன்னாளா பாருடே."

ஆறு மணி

சொன்ன நாளில் விடியுமுன்னேயே சாமான்களோடு போனேன். நாலு நாளாக ஹீட்டர் ஆறு மணிக்குத் தானே பற்றுகிறது, சத்தம் கட்டில் வரைக்கும் கேட்கிறது என்றார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. எங்கேயாவது பைப் ஒழுகி, தண்ணீர் ஓடுவதால் பற்றும் என்று நினைத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு அடித்தது. பின்பக்கம் டிக் டிக் என்று கேட்டது, பக்கென்று பற்றியது. குழாயைத் திறக்காமல் அது பற்றாது. கொஞ்ச நேரத்தில் தானே அணைந்தது.

குளியலறைக் கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. நான்தான் திறந்தேன். குழாய் இறுக மூடியிருந்தது. வாளி நிறைந்து, தட்டு போட்டு மூடியிருந்தது. பைப்பைத் தொட்டேன், சுட்டது. ஏட்டையா நிதானமாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"ஹீட்டரை மாத்த வேண்டாம்டே. தண்ணி உடனே வந்துட்டுன்னா அவ எதுக்கு வருவா?"

சுடுதண்ணீர் சீக்கிரம் வருவதற்கு எத்தனையோ வழி சொல்லுவேன், மகாஜனங்களே, அந்த வீட்டு வழிக்கு மட்டும் என்னிடம் ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.