செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள்

நான் கதை எழுதுகிறவள். குடிமக்கள் தாங்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான் என்று வருடத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும், தவறினால் பெயரையே நீக்கிவிடுவார்கள் என்று ஓர் அரசாங்கத்தைக் கற்பனை செய்து எழுதியிருந்தேன். படித்த தோழி, கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன் என்றாள். அடுத்த மாதமே என் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. அவள் கேரளத்துக்காரிதான் என்ற சான்றை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு என்றார்கள்.

கேரள மலையில், பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் நான்கு தலைமுறையாக இருக்கிறோம். என் மகள் மலையாளத்தில் சண்டை போட்டுத் தமிழில் சமாதானமாகிறவள். ஆனால் அவள் பிறந்தது செக்போஸ்டு தாண்டித் தமிழ்நாட்டில், போடியில். நானும் அங்கேதான் பிறந்தேன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். அம்மாவின் தாய்வீடு போடி. ஓய்வு பெற்றதும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால் அம்மாவும் கீழே போய்விட, என் தாய்வீடும் போடியாகிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாற்பதாம் நாளே மலையேறிவிட்டேன். அந்த நாற்பது நாள்தான் இப்போது வினையாக வந்து நின்றது.

வில்லேஜ் ஆபீஸில் பிறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டார்கள். ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்துச் சான்று எதுவும் எடுபடவில்லை. நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. மூன்று நாள் போய் நின்றேன். புதன்கிழமை அதிகாரி நேரில் விசாரிக்க லயத்துக்கே வந்தார். இந்த ஊரில் பிறந்த இரண்டு பேர் சாட்சி சொன்னால் போதும் என்றார்.

கொழுந்து எடுக்கப் போயிருந்த பெண்கள் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்தார்கள். ஒன்பது பேர். எங்கே பிறந்தாய் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார். போடி, கம்பம், சங்கரன்கோவில், மறுபடியும் போடி. பாதிப் பேர் கல்யாணமாகி மேலே வந்தவர்கள், மீதிப் பேர் தலைப்பிள்ளைகள். ஒருத்திகூடத் தேறவில்லை. அதிகாரி பேனாவை மூடினார். மகள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், நீங்க எங்க பொறந்தீங்க?” என்று கேட்டேன்.

கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன். “கொல்லத்துல. அம்மையோட வீட்டுல,” என்றார். அப்பா வீடு எங்கே என்றேன். கோட்டயம் என்றார்.

“நானும் அதுக்குத்தான் சார் போனேன். எங்கம்மா வீடு செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு, அவ்வளவுதான்.”

அவர் மூடிய பேனாவைத் திறந்து, ஒன்பது பேரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். வியாழக்கிழமை மாலை சான்று கைக்கு வந்தது. மகள் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

அவர் நல்ல மனிதர், அதை நான் எங்கேயும் சொல்வேன். ஆனால் என் மகளின் படிப்பு ஒரு நல்ல மனிதர் அகப்படுவதை நம்பி நின்றதே, அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. போன மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அவளும் போடியில் பிறந்தவள். புது அதிகாரியிடம் அவளோடு நான்தான் போகப்போகிறேன்.