அண்ணி தேய்த்த சிங்க்

கடலூரில் எங்கள் வீட்டுத் தண்ணீர் உப்பு. கறை படியக் கூடாதென்று புது ஸ்டீல் சிங்க்கை ஸ்பாஞ்சால் துடைத்து உலர்த்தியே வைப்பேன். சிதம்பரத்திலிருந்து வந்த என் கணவரின் அக்கா, தன் வீட்டு சிமெண்ட் தொட்டியைப் போலவே அதிலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிக் கம்பி நாரால் தேய்த்தார்.

"வேணாம் அண்ணி" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சும்மா இரு. ஒக்காந்து சாப்புடவா வந்தேன்? சாயங்காலம் வரைக்கும் ஊறட்டும், கழுவிடாத."

கழுவவில்லை. சாயங்காலம் சிங்க் முழுக்கக் கீறலும் துருப்புள்ளியுமாக இருந்தது.

"என்னா புள்ள, மட்டமான ஸ்டீலா வாங்கிட்டீங்களே!" என்றார் அண்ணி. என் கணவரும் தலையாட்டினார்.

கிளம்பும்போது அந்தக் கம்பி நாரை, "வச்சிக்க, தெனமும் தேய்" என்று என் கையில் கொடுத்தார். "சரி அண்ணி" என்று வாங்கிக்கொண்டேன்.